பட்டைத்தலை வாத்தும் ஏழு வகைச் சோறும்

காரைக்குடி,
மார்ச் 19, புதன்கிழமை.

மேன்மை பொருந்திய சம்பந்தி திரு. வேல்பாண்டி அவர்களின் சமூகத்திற்கு,

காரைக்குடி நாகநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி கல்யாணசுந்தரியும் உடம்பளவில் சுகம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாள் ராமுத்தாய் அவர்களும், மாப்பிள்ளை சிவராஜும், ஏழு மாத வயிற்றோடு தங்கள் வீட்டில் இருக்கும் எங்கள் மகள் சிந்துவும் சுகம் என்பதை மாப்பிள்ளை வாயிலாக அறிந்து நிம்மதி அடைந்தோம். தங்கள் வாயிலாக அறியவில்லை. கடந்த பன்னிரண்டு நாட்களில் தங்களுக்கு நாற்பத்தொரு முறை போன் செய்தேன். தாங்கள் எடுக்கவில்லை. அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் என்னிடம், "வாயால சொல்லுறதெல்லாம் காத்தோட போயிரும் சம்பந்தி, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கணும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. முப்பது வருஷம் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர் அல்லவா? ஆகவே மார்ச் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, என் மகளின் வளைகாப்புக்கு நான் ஏன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதை ஒன்றையும் மறைக்காமல் எழுத்தில் தருகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

முதலில் இந்தப் பறவைப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்து நான்கு வருஷமும் பறவை என்றால் எனக்குக் கரண்ட் கட் என்றுதான் அர்த்தம். காக்கை கம்பத்தில் கூடு கட்டும், கூட்டுக்குள் எங்கிருந்தோ கம்பியைக் கொண்டுவந்து செருகும், மழை பெய்தால் லைன் உரசித் தெருவே இருண்டுபோகும், நான் நீளக் கம்போடு போய் அதைக் கலைப்பேன், காக்கை என்னைக் கலைக்கும். என் நெற்றியில் உள்ள தழும்பு சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததால் வந்தது என்று சம்பந்தம் பேச வந்தபோது சொன்னேன். அது பொய். செக்காலை ரோட்டில் ஒரு தாய்க்காக்கை கொத்தியது. ஒன்றையும் மறைப்பதில்லை என்று ஆரம்பித்துவிட்டதால் இதையும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு எல்லா ஸ்விட்சையும் போட்டுப் போட்டுப் பார்த்ததில் கல்யாணசுந்தரிக்கு வெறுத்துப்போய், "காலார நடந்துட்டாவது வாங்களேன், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று என்னைக் கண்மாய்ப் பக்கம் விரட்டினாள். அங்கேதான் கார்த்திகேய சிவம் என்பவரைச் சந்தித்தேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இட்லிக் குண்டான் அளவுக்கு ஒரு கேமரா. தண்ணீரில் நின்ற ஒரு குச்சிக்கால் பறவையைக் காட்டி, "நெடுங்கால் உள்ளான். இந்த வருஷத்துல எனக்கு எழுபத்தி மூணாவது" என்றார். எழுபத்து மூன்றா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் விழுந்தவன்தான், இன்னும் எழவில்லை.

அவரும் இன்னும் எட்டுப் பேரும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க யார் எத்தனை வகைப் பறவை பார்க்கிறார்கள் என்று கணக்கு. தலைவர் வங்கிக்காரர் என்பதால் வருஷம் ஜனவரியில் தொடங்காது. ஏப்ரல் ஒன்று முதல் மார்ச் முப்பத்தொன்று வரை. விதிகள் உண்டு. கண்ணால் பார்த்திருக்க வேண்டும், காதால் கேட்டது சேராது. படம் இருக்க வேண்டும், இல்லையென்றால் குழுவில் இன்னொருவர் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும். கூண்டுப் பறவை, வளர்ப்புப் பறவை, இரை போட்டு வரவழைத்த பறவை எதுவும் கணக்கில் வராது. இந்த மூன்றாவது விதியைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இந்தக் கணக்குக்காக நான் பட்ட பாட்டை எழுதினால் தபால் கனம் கூடும். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டு முகட்டில் கூகை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எதிர்ப்புறம் நின்று பைனாகுலரில் பார்த்தேன். அதற்குப் பக்கத்து வீடு தங்கும் விடுதி என்பதும், அதன் மாடியில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் தலை உலர்த்திக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. காவலாளி என்னைப் பிடித்து உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் விசாரித்தார். ஆத்தங்குடியில் தரைக்கல் ஊறப்போடும் தொட்டி ஓரத்தில் ஒரு வாலாட்டிக் குருவி நடந்தது. நானும் அதன் பின்னாலேயே நடந்தேன். குருவி பறந்துவிட்டது, நான் தொட்டிக்குள் இருந்தேன். இப்படியாகப் பிப்ரவரிக் கடைசியில் என் கணக்கு நூற்று அறுபது. சிவத்தின் கணக்கு நூற்று அறுபத்தொன்று. ஒரே ஒரு பறவை, சம்பந்தி. தூங்கி எழுந்தால் அந்த ஒன்று என் கண் முன்னால் வந்து நிற்கும், என்ன பறவை என்றுதான் தெரியாது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பத்தரைக்குள் வளையல் போட்டுவிட வேண்டும், அதன் பிறகு ராகுகாலம் என்று தாங்கள் மூன்று முறை சொல்லியிருந்தீர்கள். அதன்படி கல்யாணசுந்தரியும் எங்கள் சொந்தக்காரர்களும் ஆறு மணிக்கே சிவகங்கைக்கு, தங்கள் வீட்டுக்கு, வேனில் கிளம்பிவிட்டார்கள். ஏழு வகைச் சோறும், வளையல் தட்டுகளும், சீர்ச் சாமான்களும் இன்னொரு காரில். அதை ஓட்டியவர் எங்கள் தெரு மருது. இருபது வருஷமாக வாடகைக் கார் ஓட்டுபவர். சாமானுக்குப் பாதுகாப்பாக நான். "வழியில எங்கயும் எறங்காதீக. ஒங்களத்தான் சொல்றேன். மருது, நீயும் கேட்டுக்க" என்று கல்யாணசுந்தரி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஏழு மணிக்குக் கிளம்பினோம். பைனாகுலரை நான் எடுத்துவரவில்லை. அது காரில் ஏற்கெனவே இருந்தது.

கல்லல் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் இடது கைப் பக்கம் ஒரு கண்மாய். அறுப்பு முடிந்த வயலும் கரையும் முழுக்க வாத்து. எண்ணூறு இருக்கும், மேய்ச்சலுக்கு ஓட்டி வந்தவை. ஓடும் காரில் இருந்து சும்மா ஒரு பார்வை பார்த்தேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் தலையை நிமிர்த்தியது. சாம்பல் வெள்ளை உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் மை வைத்துக் கோடு போட்டது போலக் கருப்பாக இரண்டு பட்டை. பட்டைத்தலை வாத்து! இமயமலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மலை உச்சிக்கு மேலேயே பறந்து குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிற பறவை. நம் வட்டாரத்துக் கண்மாயில் எங்கள் குழு பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. "மருது, நிறுத்துங்க. ரெண்டே நிமிஷம்" என்றேன்.

"சார், அம்மா எறங்கக் கூடாதுன்னு சொன்னாக" என்றார் மருது.

"நான் எங்க எறங்குறேன்? காரக் கொஞ்சம் கரைப்பக்கம் விடுங்க, உக்காந்தே பாத்துக்கிறேன்."

இதுதான் என் முதல் தவறு. கரையோரம் மடையில் தண்ணீர் கசிந்து மேலே காய்ந்தும் கீழே களியாகவும் இருந்திருக்கிறது. இருபதடி போனதும் பின் சக்கரம் இரண்டும் அமிழ்ந்தன. மருது முடுக்க முடுக்க இன்னும் அமிழ்ந்தன. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு, சோத்துப் பாத்திரம் ஏழையும் இறக்கி வைத்தால்தான் கார் எழும் என்றார். இறக்கினோம். எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள், தயிர், சர்க்கரைப் பொங்கல், புளியோதரை. அறுபது பேருக்கான சோறு, வாய்க்குத் துணி கட்டி, வரிசையாகக் கரைச் சரிவில். அப்படியும் கார் எழவில்லை. டிராக்டர் கொண்டுவருகிறேன் என்று மருது ஊருக்குள் போனார். டிராக்டர் வரும் வரை நான் அங்கே நிற்கத்தானே வேண்டும்? நிற்கிற நேரத்தில் பார்ப்பதில் என்ன பாவம்?

பார்த்தேன். இருநூறு அடியில், நல்ல வெயிலில் பார்த்தேன். என் போனில் எடுத்த படத்தில் அது கடுகு மாதிரி விழுந்தது. படம் இல்லையென்றால் குழுவில் இன்னொருவர் பார்க்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொருவராக அடித்தேன், ஒருவர் திருச்சியில், ஒருவர் பல் டாக்டரிடம். எடுத்தது கார்த்திகேய சிவம் ஒருவர்தான். சம்பந்தி, இந்த இடத்தில் என் மனம் பட்ட பாட்டைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைக் கூப்பிட்டால் எனக்கு ஒன்று ஏறும், அவருக்கும் ஒன்று ஏறும், நான் அதே ஒன்று பின்னால்தான் நிற்பேன். கூப்பிடாவிட்டால் ஒன்றுமே இல்லை. இருந்தும் கூப்பிட்டேன். அவ்வளவு நல்ல பறவையை ஒருத்தன் மட்டும் பார்ப்பது சரியில்லை என்று பட்டது. "அசைய வேண்டாம், வந்துட்டேன்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பறவை மிரளக் கூடாதே என்று போனைச் சத்தம் வராமல் வைத்தேன். இது இரண்டாவது தவறு. அதற்குப் பிறகு கல்யாணசுந்தரி கூப்பிட்ட பதினேழு அழைப்பும் என் சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிப்போயின.

அப்போதுதான் வாத்துக்குச் சொந்தக்காரி பாண்டீஸ்வரி வந்தாள். நாற்பது வயது இருக்கும், கையில் நீளக் கழி, தலையில் துண்டு. என்னையும் பைனாகுலரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, என் வாத்தையா பாக்குறீக? அந்த வரிபோட்டதத்தான பாக்குறீக? அது என்னுது இல்ல. இருவது நாளா எங்க கூடயே மேயுது. அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும்" என்றாள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று நான் இமயமலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வாய்மேல் கை வைத்துக் கேட்டாள். சொல்லும் ஆர்வத்தில் இருவரும் சோற்றுப் பாத்திரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றோம். இது மூன்றாவது.

முதலில் தயிர்ச்சோற்றுக் குண்டான்தான் சரிவில் சாய்ந்து உருண்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது எண்ணூறு வாத்தும் ஒரே வாத்தைப் போல வந்துகொண்டிருந்தன. நான் கையை வீசினேன். பாண்டீஸ்வரி கழியை வீசினாள். "யாத்தி! யாத்தி! ஏய் போ அங்குட்டு! அண்ணே, மறிங்கண்ணே!" என்று அவள் கத்தினாள். நான் மறித்தேன். வாத்துகள் என் இரண்டு கால்களுக்கு நடுவில் போயின. கட்டியிருந்த துணியை அலகால் இழுத்துக் கிழித்தன. தேங்காய்ச்சோறு, தக்காளிச்சோறு, எள்ளுச்சோறு, பொங்கல் எல்லாம் நான் பார்க்கப் பார்க்கக் கரைந்தன. நான் களியில் முழங்கால் வரை இறங்கி விழுந்து எழுந்தேன். புளியோதரையை மட்டும் ஒன்றும் தொடவில்லை. "புளி அதுகளுக்குப் பிடிக்காதுண்ணே" என்று பாண்டீஸ்வரி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இந்த அமளியில் அந்தப் பட்டைத்தலை வாத்து என்ன செய்தது தெரியுமா? கூட்டத்தோடு கூட்டமாக, கொஞ்சமும் அவசரப்படாமல் நடந்து வந்து, எனக்கு ஐந்தடி தூரத்தில் எலுமிச்சைச் சோற்றுக் குண்டானுக்குள் தலையை விட்டது. இமயமலையைத் தாண்டி வந்த பறவை, சம்பந்தி. என் மகள் வளைகாப்புச் சோற்றைச் சாப்பிட்டது. கோபம் ஒரு பக்கம், என் கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம். சரியாக அந்த நேரத்தில் பின்னால் பட் பட் பட் என்று கேமராச் சத்தம். கார்த்திகேய சிவம் வந்துவிட்டார்.

ஏழெட்டுப் படம் எடுத்து முடித்து, கேமராவைத் தாழ்த்திவிட்டு, வங்கியில் கடன் மனுவைத் திருப்பிக் கொடுக்கும் குரலில், "செல்லாதுங்க நாகநாதன். எர போட்டு வரவழைச்சிருக்கீங்க" என்றார். நான் எங்கே போட்டேன், அதுவாக உருண்டது என்றேன். சோறு யாருடையது என்றார். நான் முன்னாலேயே பார்த்துவிட்டேன், அப்போது சோறெல்லாம் கட்டி இருந்தது, இதோ இந்த அம்மாள் சாட்சி என்றேன். "நான் சாட்சிங்கய்யா" என்று பாண்டீஸ்வரியும் சொன்னாள். குழுவில் உறுப்பினரா என்றார். டிராக்டர் வந்து, மருது கயிறு கட்டி, கார் மேலே ஏறியது வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் களியில் நின்று விதியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். காரைத் திருப்பியபோதுதான் முன் சீட்டில் இருந்த வளையல் தட்டுகள் சிவத்தின் கண்ணில் பட்டன. "இதெல்லாம் எங்க போகுது?" என்றார். சொன்னேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னைக்கு ஒங்க மகளுக்கு வளைகாப்பா? அத விட்டுட்டு என்னையக் கூப்பிட்டு வாத்துக்கு நியாயம் கேக்குறீங்களா? மணி பத்து ஆகப் போகுதுங்க!" என்று கத்தினார். அந்தக் கத்தலில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை உறைக்கவில்லை என்பதுதான் நான் தங்கள் முன் ஒப்புக்கொள்ளும் பெரிய குற்றம். வாத்து தின்றது சிறிய குற்றம்.

பாண்டீஸ்வரி தன் கூட்டாளிப் பெண்ணிடம் கழியைக் கொடுத்துவிட்டு, கூடை நிறைய வாத்து முட்டையோடு காரில் ஏறிக்கொண்டாள். "என் வாத்து செஞ்ச வேலைக்கு நாந்தான பதில் சொல்லணும்" என்றாள். நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. ராகுகாலம் தொடங்கி இருபது நிமிஷம். அதற்கு முன்னாலேயே சிவம் குழுவில் போட்ட படம், யார் யாரோ அனுப்பி, தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வாத்து தலையை விட்டிருந்த குண்டானில் 'நா. கல்யாணசுந்தரி' என்று பேர் வெட்டியிருப்பதைச் சபை நடுவில் வாய்விட்டு வாசித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணசுந்தரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாளாம்.

பிறகு நடந்தது தாங்கள் அறிந்தது. பன்னிரண்டு மணி வரை எல்லோரும் பந்தலில் பசியோடு உட்கார்ந்திருந்தது, தங்கள் வீட்டுச் சமையற்கட்டில் நூற்றெண்பது வாத்து முட்டையை அவித்தது, புளியோதரைக்கு அவித்த முட்டை தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது என்று தங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மூன்றாவது முறை கேட்டு வாங்கியது, தாங்கள் மட்டும் ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்துபோனது. ஆனால் உள் அறையில் நடந்தது தங்களுக்குத் தெரியாது. ரத்தம் குறைவாக இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளில் இருந்து சிந்து சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசைகிறதா என்று பார்த்தபடியே இருக்கும். பாண்டீஸ்வரி, சேற்றுக் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய், தானும் நாலு பெற்றவள் என்ற உரிமையில் சிந்துவுக்கு வளையல் போட்டுவிட்டு, கரையில் நடந்ததை நடித்துக் காட்டியிருக்கிறாள். வாத்து வந்ததையும், நான் மறித்ததையும், விழுந்ததையும், கடைசியில் அந்த வடக்கத்தி வாத்து பெரிய மனுசர் பந்திக்கு வருவதுபோல நடந்து வந்ததையும். சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறது. சிரித்த சிரிப்பில் உள்ளே பிள்ளை உதைத்ததாம். "அம்மா, உதைக்குது, உதைக்குது" என்று எல்லோர் கையையும் பிடித்து வைத்துப் பார்க்கச் சொன்னதாம். எனக்குச் சாதகமாக இதைச் சொல்லவில்லை. தங்கள் பேரப்பிள்ளை சமாச்சாரம், தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று மணிக்குச் சிந்துவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக நாங்கள் எழுந்தபோது தாங்கள் வாசலில் வந்து நின்று சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். "பிரசவம் இங்கயே நடக்கட்டும் சம்பந்தி. நாங்க பாத்துக்கிறோம். அந்தப் புள்ளைக்கு வலி வந்தா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போவீகளா, வழியில குருவி பாப்பீகளா? ஒங்கள நம்பி எப்படி அனுப்புறது?" சிந்து சாய்ந்துகொள்வதற்காகக் கல்யாணசுந்தரி புதிதாகப் பஞ்சு அடைத்துத் தைத்த தலையணை வேனின் முன் சீட்டில் இருந்தது. சிவகங்கையில் இருந்து காரைக்குடி வரை அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "எங்கயோ இமயமலையில இருந்து ஒரு வாத்து நேரத்துக்கு வந்து சேந்திருச்சு. கல்லல்ல இருந்து ஒங்களால வர முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சம்பந்தி, தாங்கள் சொன்னதைவிட அது எனக்கு ஆழமாகக் குத்தியது.

அன்றே குழுவில் இருந்து விலகிவிட்டேன். சிவம் வீடு தேடி வந்து சமாதானம் சொன்னார். நூற்று அறுபதோடு கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. இந்தப் பன்னிரண்டு நாளில் நான் தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது ஜன்னல் பக்கம் ஒரு கரிச்சான் கத்துகிறது, நான் திரும்பவில்லை, வால் இரண்டாகப் பிளந்திருப்பது ஓரக்கண்ணில் தானாகத் தெரிந்ததற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் வீட்டில் இருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு மருதுவை வைத்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். காலையில் பதினோரு நிமிஷம், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பதினாறு. கல்யாணசுந்தரி பின் சீட்டில் உட்கார்ந்து நான் எங்கே பார்க்கிறேன் என்று கவனித்துக்கொண்டு வந்தாள். ரோட்டைத்தான் பார்த்தேன் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சம்பந்தி, பெண்ணைப் பெற்ற வீட்டில் தலைப்பிரசவம் பார்ப்பது ஊர் வழக்கம் என்பதற்காக நான் கேட்கவில்லை. தங்கள் வீட்டிலும் என் மகளுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் கல்யாணசுந்தரி அந்த அறையைத் தினமும் கூட்டிப் பெருக்கி, தினமும் விரிப்பை மாற்றி, தினமும் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். அதைப் பார்க்க முடியவில்லை. சிந்துவை அனுப்பி வையுங்கள். பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் இனி என் ஆயுசுக்கும் தங்கள் மனம் கோண ஒரு வார்த்தை பேச மாட்டேன். தாங்கள் எதைச் சொன்னாலும் சரி என்றே சொல்வேன். பறவை என்ற சொல் இனி என் வாயில் வராது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு அன்பு. சிந்துவுக்கும் உள்ளே இருக்கும் சின்னவருக்கும், சின்னவராக இருந்தாலும் சின்னவளாக இருந்தாலும், எங்கள் குலசாமி துணை நிற்கட்டும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் மறக்காமல் கொடுக்கச் சொல்லவும்.

தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
நாகநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் பாண்டீஸ்வரியிடம் இருந்து போன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, ஒங்க சம்பந்தி இங்க எங்க கரையில வந்து ஒக்காந்திருக்காக. ஒன்பது மணிக்கு வந்தாக, இப்ப பதினொன்னு ஆகப் போகுது. ஒங்க மகளக் காரைக்குடியில விடத்தான் கெளம்புனாகளாம். போற வழியில அது என்னதான் வாத்துன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு எறங்குனாக. மக கார்ல கால நீட்டி ஒக்காந்து, நெல்லிக்காய் தின்னுக்கிட்டுச் சிரிக்குது. ஆனா அண்ணே, அந்த வாத்து போன சனிக்கெழமையே பறந்துபோச்சு. இம்புட்டுத் தூரம் வந்த மனுசர்ட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எங்கூட்டத்துல மண்டையில கருப்பா மச்சம் விழுந்த நாட்டு வாத்து ஒன்னு கெடக்கு. அதக் காட்டி இதுதாய்யான்னுட்டேன். நோட்டுல தேதி, மணி, எடம் எல்லாம் எழுதி, என்னையச் சாட்சிக் கையெழுத்து வேற போடச் சொல்லிட்டாக."

சிந்து வருகிறது என்று கேட்டதும் கல்யாணசுந்தரி அழுதுகொண்டே அரிசி களையப் போய்விட்டாள். எனக்கும் எழுத்து கலங்கித் தெரிகிறது. தங்கள் பெருந்தன்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டியதில்லை, தாங்கள் வந்ததும் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் சம்பந்தி, தாங்கள் எதைச் சொன்னாலும் சரி என்பேன் என்று மேலே எழுதியதில் இந்த ஒன்றைத் தள்ளிக்கொள்ள வேண்டும். மண்டையில் பட்டை இரண்டு இருக்க வேண்டும். மச்சம் சேராது. தாங்கள் பார்த்தது நாட்டு வாத்து. சாட்சிக் கையெழுத்து இருந்தாலும் நாட்டு வாத்துதான். அந்த வரியைத் தாங்களே அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் எழுதிக்கொள்ள எங்கள் கொல்லையில் ஆறுமணிக் குருவி ஒன்று பத்து நாளாகச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கிறது, ஒன்பது நிறம், நான் நேராகப் பார்க்கவில்லை, பீரோக் கண்ணாடியில் தெரிந்த அளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வரும். அதுவரை தாங்கள் ஊருக்குக் கிளம்பக் கூடாது.